உங்கள் தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்? தேடிப் படித்து ஒரு பக்கத்தில் எழுதும் முறை

சிங்கப்பூரில் நம் தொகுதி உறுப்பினரின் முகநூல் பக்கத்தில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். காப்பிக்கடையில் கைகுலுக்குகிறார், தீபாவளி நிகழ்ச்சியில் அன்பளிப்புப் பை கொடுக்கிறார், புது நடைபாதைக் கூரையைத் திறந்துவைக்கிறார். அதுவும் வேலைதான். ஆனால் நாம் வாக்களித்து அனுப்பியது சட்டம் இயற்றும் மன்றத்துக்கு. அங்கே அவர் கேட்ட கேள்வி, பேசிய மசோதா, விடாமல் துரத்திய விவகாரம் எல்லாம் பதிவாகி, கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு மாலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் ஓர் உறுப்பினரின் ஓராண்டு வேலையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் (புளோக்) கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசும் மூத்தோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டக்கூடிய அந்த ஒரு பக்கத்தை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இங்கே.

யாருடைய பெயரைத் தேடுவது

2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாறின. அதே வீட்டில் இருபது ஆண்டுகளாக இருப்பவர்கள்கூட இப்போது வேறு தொகுதியில் இருக்கலாம். தேர்தல் துறையின் இணையத்தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டுத் தொகுதியை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மொத்தம் 97 இடங்கள்: 18 குழுத்தொகுதிகள், 15 தனித்தொகுதிகள். தனித்தொகுதி என்றால் ஒரே பெயர், வேலை முடிந்தது. குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து பேர் இருப்பார்கள். ஆனால் உங்கள் புளோக் இருக்கும் வட்டாரத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர் அவர்களில் ஒருவர்தான். நகர மன்றத்தின் இணையத்தளத்தில் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் யார் அமர்கிறார் என்பது அதில் தெரியும்.

அடுத்து, அவர் அரசாங்கப் பதவி வகிப்பவரா என்று பாருங்கள். அமைச்சர், துணை அமைச்சர், நாடாளுமன்றச் செயலாளர் போன்றோர் மற்ற அமைச்சர்களிடம் நாடாளுமன்றக் கேள்வி கேட்பதில்லை. அவர்கள் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் பெயரில் கேள்விகளைத் தேடினால் பூஜ்யம் வரும். அதைப் பார்த்து ‘இவர் வாயே திறக்கவில்லை’ என்று எழுதுவது பெரிய தவறு, அடிக்கடி நடக்கும் தவறும்கூட. அவர்களுடைய வேலையை அவர்கள் கொண்டுவந்த மசோதாக்களிலும் கொடுத்த பதில்களிலும் தேட வேண்டும். பதவி இல்லாத உறுப்பினர்களுக்குத்தான் கேள்விநேரம் முக்கிய ஆயுதம்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நாடாளுமன்ற இணையத்தளத்தில் இரண்டு இடங்கள் நமக்குத் தேவை. ஒன்று, நிகழ்ச்சி நிரல். ஒவ்வோர் அமர்வுக்கும் முன்பே வெளியாகும் இதில், யார் எந்த அமைச்சரிடம் என்ன கேட்டிருக்கிறார் என்பது எண்ணிட்டு வரிசையாக இருக்கும். இன்னொன்று, ஹன்சார்ட் என்ற அதிகாரபூர்வ அறிக்கை. அமர்வு முடிந்து சில நாள்களில் பதிவேறும். 1955ஆம் ஆண்டின் சட்டமன்றப் பேச்சுகள் வரை பின்னோக்கித் தேடலாம். மூன்றாவதாக, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் சட்டங்களின் இணையத்தளம். மசோதாவின் முழு வாசகமும், சட்டம் எந்த நாளிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதும் அங்கே கிடைக்கும்.

ஹன்சார்ட்டில் தேடும்போது பெயரை நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள். உறுப்பினர் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். நம்மவர் பெயர்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓர் எழுத்து மாறினாலும் பாதி முடிவுகள் விடுபட்டுப்போகும். பேச்சாளர் என்ற கட்டத்தில் பெயரை இடுவதும், பொதுத் தேடலில் இடுவதும் வேறு வேறு. பொதுத் தேடலில் இட்டால், அவர் பெயரை மற்றவர்கள் குறிப்பிட்ட பக்கங்களும் வந்து குவியும். 15ஆவது நாடாளுமன்றம் 2025 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. இந்தத் தவணையை மட்டும் பார்க்க அந்த நாளைத் தொடக்கமாக வையுங்கள்.

முதலில் படிக்க வேண்டிய பேச்சு, அதிபர் உரைமீதான விவாதத்தில் அவர் பேசியது. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொடரும் அதிபர் உரையோடு தொடங்கும். அதற்குப் பின் ஒவ்வோர் அமைச்சும் தன் முன்னுரிமைகளை எழுத்தில் வெளியிடும். உறுப்பினர்கள் தங்கள் முன்னுரிமைகளை மன்றத்தில் சொல்வார்கள். புதிய உறுப்பினர்கள் பலரின் கன்னிப்பேச்சும் அதுதான். தவணை முழுவதும் எதற்காகப் போராடப்போகிறார் என்பதை அவரே சொன்ன இடம் அது. அதிலிருந்து மூன்று அல்லது நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மூத்தோர் பராமரிப்பு, டாக்சி ஓட்டுநர் வருமானம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளி, எதுவாக இருந்தாலும் சரி. இனி தேடுவதெல்லாம் அந்த மூன்று நான்கு நூலிழைகளைப் பிடித்துத்தான்.

கேள்விகளைப் படிக்கும் விதம்

உங்கள் மூன்று மணி நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

நாடாளுமன்றத்தின் நிலையான விதிகளின்படி ஒருவர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். அவற்றில் வாய்மொழிப் பதில் கேட்பவை மூன்றைத் தாண்டக்கூடாது. வாய்மொழிப் பதில் வேண்டுமானால் குறைந்தது ஏழு முழு வேலைநாள்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். கேள்விநேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் எட்டாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், அல்லது உறுப்பினர் வேண்டிக்கொண்டால் அடுத்த அமர்வுக்குத் தள்ளப்படும். ஹன்சார்ட்டில் இப்படி நேரம் போதாமல் எழுத்தில் பதில் பெற்றவை தனித் தலைப்பின்கீழ் இருக்கும். பலர் அந்தத் தலைப்பைத் திறப்பதே இல்லை. அங்கேயும் பாருங்கள்.

ஒரே விவகாரம் பற்றிப் பத்துப் பேர் கேட்டிருந்தால் அமைச்சர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்வார். உங்கள் உறுப்பினரின் பெயர் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கும். அதை ‘அவர் எழுப்பிய விவகாரம்’ என்று எழுதாதீர்கள். ‘பத்து உறுப்பினர்களில் ஒருவராகக் கேட்டார்’ என்று எழுதுங்கள். அதுதான் உண்மை.

உண்மையான வேலை தெரிவது துணைக்கேள்விகளில். எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சின் அதிகாரிகள் பதில் தயாரித்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்ட மறுநிமிடம் எழுந்து கேட்கும் துணைக்கேள்விக்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். விவகாரத்தை உள்ளும் புறமும் தெரிந்த உறுப்பினர் அங்கே பளிச்சென்று தெரிவார். துணைக்கேள்வி நிகழ்ச்சி நிரலில் இருக்காது, ஹன்சார்ட்டில் மட்டுமே இருக்கும். ஆகவே நிகழ்ச்சி நிரலை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பு அரைக்குறிப்புதான்.

ஒவ்வொரு பதிலையும் நான்கு வகையில் ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி சொல்லி ஒப்புக்கொண்டது, தேதி சொல்லாமல் ஒப்புக்கொண்டது, ‘ஆராய்கிறோம்’ என்றது, காரணம் சொல்லி மறுத்தது. மறுப்பைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ‘இதற்கு இவ்வளவு செலவாகும், இந்தக் காரணத்தால் செய்யவில்லை’ என்று தெளிவாக வரும் மறுப்பு, பொத்தாம்பொதுவான ஒப்புதலைவிடக் குடியிருப்பாளருக்குப் பயனுள்ளது. அடுத்து என்ன கேட்பது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ‘ஆராய்கிறோம்’ என்ற பதிலுக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சொல்லைக் கொண்டு மீண்டும் தேடுங்கள். உறுப்பினர் மறுபடி கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் அவர் அந்த விவகாரத்தைக் கைவிடவில்லை. எத்தனை கேள்வி கேட்டார் என்ற எண்ணைவிட, ஒரே விவகாரத்துக்கு எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதுதான் எங்கள் கணக்கில் பெரிய அளவுகோல். நூறு விவகாரத்தில் ஒவ்வொரு கேள்வி கேட்பது சுலபம். ஒரே விவகாரத்தில் நான்கு முறை எழுந்து நிற்பது கடினம்.

மசோதாவும் வாக்கும்

அமெரிக்க செனட்டர் ஒருவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலிலிருந்து தொடங்குவார்கள். இங்கே அப்படித் தொடங்க முடியாது. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுகின்றன. யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்வாரிக் கணக்கு அப்போது இருக்காது. குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டால்தான் தனித்தனி வாக்கெடுப்பு நடக்கும். அப்போது பெயர்ப் பட்டியல் ஹன்சார்ட்டில் வரும். தம் எதிர்ப்பை மட்டும் பதிவுசெய்யும்படி உறுப்பினர் கேட்டுக்கொண்டால் அதுவும் பதிவாகும். கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே வாக்கைவிட இரண்டாம் வாசிப்பில் அவர் என்ன பேசினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மசோதாவை ஆதரித்துக்கொண்டே அதன் பன்னிரண்டாம் பிரிவில் இன்ன ஓட்டை இருக்கிறது என்று சொல்பவரின் பேச்சையும், வெறும் பாராட்டுரையையும் பத்து நிமிடம் படித்தாலே பிரித்துவிடலாம்.

படிகள் இவை: முதல் வாசிப்பில் மசோதா தாக்கலாகும், விவாதம் இருக்காது. இரண்டாம் வாசிப்பில் கொள்கைமீது விவாதம். பிறகு குழுநிலையில் பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள், திருத்தங்கள் வருவது அங்கேதான். மூன்றாம் வாசிப்பு முடிந்தால் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பார்க்கும், அதன்பின் அதிபரின் ஒப்புதல். பொதுவாக முதல் இரண்டு வாசிப்புகளுக்கு இடையே சில நாள் இடைவெளி இருக்கும். அவசரம் என்றால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி அப்படித்தான் நிறைவேறியது.

‘நிறைவேறியது’ என்பதும் ‘நடப்புக்கு வந்தது’ என்பதும் ஒன்றல்ல. குறிப்பு எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. வயது, இனம், மொழித்திறன், கர்ப்பம் முதலிய காரணங்களால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பது அது. ஆனால் பூசல்களை எப்படித் தீர்ப்பது என்பதற்கான இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில்தான் நிறைவேறியது. ஜனவரிச் செய்தியை மட்டும் படித்துவிட்டு, ‘நாளைக்கே போய் முறையிடலாம்’ என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் அவருக்கு வீண் அலைச்சல். சட்டங்களின் இணையத்தளத்தில் நடப்புக்கு வரும் நாள் அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் தானே ஒரு மசோதா கொண்டுவருவதும் உண்டு, அரிதாக. 1995இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் நியமன உறுப்பினராக இருந்த வால்டர் வூன். வனவிலங்குகள் தொடர்பான சட்டத் திருத்தத்தை 2020இல் கொண்டுவந்தவர் பின்வரிசை உறுப்பினர் லூயிஸ் இங். உங்கள் உறுப்பினர் பெயரில் இப்படி ஒன்று இருந்தால் ஒரு பக்கத்தில் பாதியை அதற்கே கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒத்திவைப்புத் தீர்மானங்களைத் தேடுங்கள். அமர்வின் முடிவில் ஓர் உறுப்பினர் 20 நிமிடம் வரை ஒரே பொருளைப் பேசுவார், அமைச்சர் 10 நிமிடம் வரை பதில் சொல்வார், வாக்கெடுப்பு கிடையாது. ஒருவரின் மனதுக்கு நெருக்கமான விவகாரம் எது என்று அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

நூறு வெள்ளி வெட்டு

பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் தாக்கலான பிறகு, அமைச்சு அமைச்சாக ஒதுக்கீட்டு விவாதம் நடக்கும். ஓர் அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் கொண்டுவருவார். புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பார்த்து, சுகாதாரத்துக்கான பணத்தைக் குறைக்கச் சொல்கிறாரே என்று பதறிவிடுகிறார்கள். அந்த நூறு வெள்ளி வெறும் சடங்கு. அந்த அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேசுவதற்கு அது ஒரு வாசல், அவ்வளவே. பேசி, பதில் வாங்கியதும் வெட்டுத் தீர்மானத்தை மீட்டுக்கொள்வார்கள்.

ஹன்சார்ட்டில் ஒவ்வோர் அமைச்சுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு: கல்விக்கு ‘கே’, சுகாதாரத்துக்கு ‘ஓ’, தேசிய வளர்ச்சிக்கு ‘டி’ (T), போக்குவரத்துக்கு ‘டபிள்யூ’. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் பற்றிய பேச்சுகள் தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் வரும். வீவக என்று தனித் தலைப்பைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான் கிடைக்கும். கிடைத்த சொற்ப நிமிடங்களை எதற்குச் செலவிட்டார் என்பதை, முன்பு எழுதிவைத்த அந்த மூன்று நான்கு முன்னுரிமைகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் அதையும் குறிப்பில் எழுதுங்கள், குற்றச்சாட்டாக எழுதாமல் தகவலாக.

தமிழில் பேசியதைத் தேடுதல்

நாடாளுமன்றத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் பேசலாம். அரசமைப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. தமிழில் பேசிய பகுதி ஹன்சார்ட்டில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வரும். தொடக்கத்தில் ‘தமிழில்’ என்ற குறிப்பும், மூலப் பேச்சைப் பார்க்கச் சொல்லும் இணைப்பும் இருக்கும். இணைப்பைத் திறந்து மூலத்தைப் படியுங்கள். அவருடைய சொற்களையே மேற்கோளாக எடுக்கலாம். ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கி அவர் வாயில் வைத்துவிடாதீர்கள். சொல் மாறினால் பொருளும் நகர்ந்துவிடும். தமிழில் பேசும் வாய்ப்பை ஓர் உறுப்பினர் எந்தப் பொருளுக்குப் பயன்படுத்தினார் என்பதும் கவனிக்கத்தக்கது. தமிழ்மொழி கற்பித்தலைப் பற்றிப் பேசத் தமிழ் போதும் என்று நின்றுவிட்டாரா, சேமநிதி, மருத்துவக் காப்புறுதி, வேலை என்று எல்லாவற்றையும் தமிழில் விளக்கினாரா? பின்னதைச் செய்தவருக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

நேரலையைப் பார்க்க விரும்புவோருக்கு 2021 ஜனவரி முதல் யூடியூப் ஒளிபரப்பு இருக்கிறது. ஆனால் குறிப்பு எழுத எழுத்துப் பதிவுதான் வேண்டும்.

யாருடைய வேலை யாருடையது

மின்தூக்கி பழுது, துப்புரவு, தாழ்வார விளக்கு எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. அவற்றை ஹன்சார்ட்டில் தேட வேண்டாம். தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கையில் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல்பாடு, சேவைக் கட்டண நிலுவை, நிறுவன ஆளுமை ஆகிய ஐந்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் இருக்கும். பேருந்துச் சேவை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். உணவங்காடி நிலையத் துப்புரவு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பார்வையில். உறுப்பினர் அவர்களை வலியுறுத்தலாம், கட்டளையிட முடியாது.

‘எங்கள் வட்டாரத்துக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்’ என்ற வரி பிரசுரங்களில் அடிக்கடி வரும். அது 2007இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம். 1997 வரை கட்டப்பட்ட வீவக வீடுகளுக்கு உரியது. ஒரு புளோக்கில் தகுதிபெற்ற சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால்தான் பணிகள் நடக்கும். உறுப்பினர் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்கலாம், வீடு வீடாகப் போய் விளக்கியிருக்கலாம். அந்த உழைப்புக்கு உரிய இடம் கொடுங்கள். திட்டத்தையே அவர் உருவாக்கியதுபோல் எழுதாதீர்கள்.

பக்கத்தை எழுதுதல்

மேலே உறுப்பினர் பெயர், தொகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பார்த்தீர்கள். அதன்கீழ் அவர் சொன்ன முன்னுரிமைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியோடு இரண்டு மூன்று வரி: என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, பதில் எந்த வகை. மசோதா விவாதங்களுக்கு ஐந்து வரி. வருகையைச் சேர்க்க விரும்பினால் ஒவ்வோர் அமர்வின் ஹன்சார்ட் தொடக்கத்திலும் வந்தோர், வராதோர் பட்டியல் இருக்கிறது. அனுமதி பெற்று வராதவர்களின் பெயரும் தேதியும் தனியே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ‘வரவில்லை’ என்று எழுதினால், வெளிநாட்டில் அலுவலாக இருந்தவரையோ மகப்பேற்று விடுப்பில் இருந்தவரையோ வீணாகப் பழித்தவர் ஆவீர்கள். முன்னூறு சொல்லுக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரியதாக இருந்தால்தான் மூத்தோர் படிப்பார்கள். தேர்தல் காலத்தில் பரப்புவதாக இருந்தால் தேர்தல் துறையின் இணைய விளம்பர விதிகளை முதலில் படியுங்கள்.

எழுதி முடித்தபின் ஏதாவது ஒரு முன்னுரிமையின்கீழ் இடம் காலியாகவே இருக்கும். அதை உறுப்பினரிடமே கேளுங்கள். தனிப்பட்ட சிக்கலுக்கு மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி சரியான இடம். அங்கே வரிசை நீளம், நேரம் குறைவு. கொள்கை விவகாரத்துக்கு மின்னஞ்சலே நல்லது. எந்தத் தேதியில் எந்த அமைச்சர் என்ன பதில் சொன்னார், அதற்குப்பின் எது நடக்கவில்லை, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். ஏழு வேலைநாள் முன்னறிவிப்பை மனத்தில் வைத்து, அடுத்த அமர்வுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பிறகு நிகழ்ச்சி நிரல் வெளியானதும் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.